கார் விற்றவர் வாங்கிய குதிரை

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது நான் தொழிற்சாலையில் ஒரு பிரேக் டெஸ்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று கொண்டிருந்தேன். ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும், கலாம் ஐயாவும் விஸ்வேஸ்வரய்யாவும் வேண்டாம், அவர்கள் ஏற்கெனவே போன மலர்களில் வந்துவிட்டார்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார் நம் செயலாளர். நான் சரி என்றேன். யாரைப் பற்றி என்று யோசிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சார்லஸ் ஹோவர்ட்.

யாரப்பா அது என்று கேட்பவர்களுக்கு: ‘சீபிஸ்கட்’ என்று ஓர் ஆங்கிலப் படம் 2003-ல் வந்தது. லாரா ஹில்லன்பிராண்ட் 2001-ல் எழுதிய புத்தகத்தைத் தழுவியது. அதில் குதிரைச் சொந்தக்காரராக ஜெஃப் பிரிட்ஜஸ் நடித்திருப்பாரே, அந்த மனிதர்தான். நாங்கள் மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஹாஸ்டலில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். பென் டிரைவில் அந்தப் படத்தைக் கொண்டு வந்தவன் எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குதிரை ரேஸ் என்றாலே நம் வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திய கதை ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆகவே ஜூனியர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ரேஸுக்குப் போவதற்கான சிபாரிசு இல்லை!

ஹோவர்ட் பிறந்தது 1877-ல், அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் மரியெட்டா என்ற ஊரில். ஸ்பெயினோடு அமெரிக்கா சண்டை போட்ட காலத்தில் குதிரைப்படையில் இருந்தார். பிறகு நியூயார்க்கில் சைக்கிள் மெக்கானிக். 1903 வாக்கில், இருபத்தாறு வயதில், மனைவியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு ரயிலேறி சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்து இறங்கினார். அப்போது பையில் இருந்தது 21 சென்ட் என்று சொல்வார்கள். பின்னாளில் கோடீஸ்வரரான எல்லோருடைய கதையிலும் இப்படி ஒரு சில்லறைக் காசு வந்துவிடுகிறது. எண்ணிப் பார்த்தவர் யார் என்றுதான் தெரியாது.

கடன் வாங்கி ஒரு சிறிய சைக்கிள் ரிப்பேர் கடை போட்டார். அந்தச் சமயத்தில் ஊருக்குள் ஒன்றிரண்டு பணக்காரர்கள் மோட்டார் கார் வாங்கியிருந்தார்கள். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் சரி செய்ய ஆள் கிடையாது. காருக்கென்று தனியாக ஒரு பட்டறையே இல்லாத நேரம். அதனால் தள்ளிக்கொண்டு சைக்கிள் கடைக்கு வருவார்கள். ஹோவர்ட் பிரித்துப் போட்டுப் பார்த்தார், மாட்டினார், பிடிபட்டது. நம் மெஷின் ஷாப்பில் லேத்தைப் பிரித்துவிட்டு இரண்டு நட்டு மிஞ்சிப்போய் முழித்த அனுபவம் உள்ளவர்களுக்கு, பாடப்புத்தகம் ஏதும் இல்லாமல் அவர் கற்றுக்கொண்டதன் மதிப்பு புரியும்.

1905-ல் டெட்ராய்ட்டுக்குப் போய் ப்யூக் கம்பெனியை நடத்தி வந்த வில்லியம் டுரான்ட்டைப் பார்த்தார். இந்த டுரான்ட்தான் மூன்று வருஷம் கழித்து ஜெனரல் மோட்டார்ஸை ஆரம்பித்தவர். சான்ஃபிரான்சிஸ்கோ ஏஜென்சியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்த ஹோவர்டிடம் இருந்த சரக்கு மூன்றே மூன்று கார். மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு வரி: வால்வுகளைச் சிலிண்டருக்கு மேலே வைக்கும் அமைப்பை அந்த நாளிலேயே பிடிவாதமாகக் கடைப்பிடித்தவர்கள் ப்யூக்காரர்கள். ஆக, வண்டி நல்ல வண்டிதான். ஆனால் வாங்க ஆள் இல்லை. சத்தம் போடுகிறது, புகை விடுகிறது, குதிரைகள் மிரளுகின்றன என்று ஊரே காரைத் திட்டிக் கொண்டிருந்தது.

1906 ஏப்ரல் 18, விடிகாலையில் சான்ஃபிரான்சிஸ்கோவைப் பூகம்பம் தாக்கியது. அதைத் தொடர்ந்து நாட்கணக்கில் தீ. வண்டியிழுத்த குதிரைகள் களைத்து விழுந்தன. ஹோவர்டின் மூன்று கார்களும் ஆம்புலன்ஸாக ஓடின. அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு நிற்காமல் ஓடின. குதிரையால் முடியாததைக் கார் செய்துவிடும் என்று ஜனங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு அவருக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. மலை ஏற்றப் போட்டி, கார் ரேஸ் என்று தானே ப்யூக்கை ஓட்டிப் பத்திரிகையில் பெயர் வரவைத்தார். பத்தே வருஷத்துக்குள் அமெரிக்காவின் மேற்குப் பகுதி முழுவதற்கும் அவர்தான் ப்யூக் விநியோகஸ்தர் என்ற நிலைமை.

அந்த நாட்களில், குதிரையின் காலம் முடிந்துவிட்டது, நாட்டிலேயே சிறந்த குதிரைக்கும் ஐந்து டாலர் தரமாட்டேன் என்ற பொருளில் அவர் சொன்னதாக ஒரு பதிவு உண்டு. இந்த ஐந்து டாலரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவோம்.

பணம் வந்ததும் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சுமார் 220 கிலோமீட்டரில், வில்லிட்ஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், ரிட்ஜ்வுட் என்ற பண்ணையை வாங்கினார். மலையும் காடும் ஓடையுமாக ஆயிரக்கணக்கான ஏக்கர். மாடு, கோழி, பால் பண்ணை எல்லாம் உண்டு. நகரத்து முதலாளிக்கு அங்கேதான் மனசு ஒட்டியது. வில்லிட்ஸ் அப்போது மரம் அறுக்கும் தொழிலை நம்பிய ஊர். நம்ம பக்கத்து டவுன் பஞ்சாயத்து மாதிரி, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

1926 மே மாதம். பதினைந்து வயது மகன் ஃபிராங்க், மீன் பிடிக்கப் போவதற்காகப் பண்ணையிலிருந்த ஒரு பழைய டிரக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மலைச்சரிவில் இறங்கும்போது வழியில் கிடந்ததைத் தவிர்க்க ஒடித்துத் திருப்பினான். வண்டி கவிழ்ந்தது. பையன் அடியில் மாட்டிக்கொண்டான். அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒழுங்கான ஆஸ்பத்திரி இல்லை. பையன் பிழைக்கவில்லை.

நான் பிரேக் சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பவன். அதனால் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் மனது தொழில் பக்கமே போகிறது. அந்தக் காலத்துப் பழைய டிரக்குகளில் பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். நாலு சக்கரத்துக்கும் பிரேக் என்பது ப்யூக் கார்களிலேயே 1924 மாடலில்தான் வந்தது. ஹோவர்ட் இதெல்லாம் தெரியாதவர் இல்லை. அந்தச் சீமையில் அவரைவிட நன்றாக வண்டி தெரிந்தவர்கள் குறைவு. குதிரையை ஒழித்துக் கட்டுகிறேன் என்று வியாபாரம் செய்த மனிதரின் பிள்ளையை ஒரு மோட்டார் வண்டி கொண்டு போய்விட்டது. அதன் பிறகு அவர் எத்தனை இரவு தூங்கியிருப்பார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

அவர் என்ன செய்தார் என்பது மட்டும் தெரியும். வில்லிட்ஸ் ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டினார். 1928-ல் திறந்தார்கள். ஃபிராங்க் ஆர். ஹோவர்ட் நினைவு மருத்துவமனை என்று பெயர். சிலை வைக்கவில்லை, கோப்பை வைக்கவில்லை. பிள்ளைக்கு எது இல்லாமல் போனதோ அதையே ஊருக்குச் செய்தார். அது இப்போது வேறு இடத்தில் புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. ஆனால் ஹோவர்ட் என்ற பெயர் இன்னும் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

குடும்பம் நிலைக்கவில்லை. முதல் மனைவியோடு விவாகரத்தாயிற்று. 1932-ல் மார்செலா ஸபாலா என்ற, தன்னைவிட மிகவும் இளைய பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். ரேஸ் குதிரைகள் அவர் வாழ்க்கைக்குள் வந்தது இந்தக் காலத்தில்தான். கலிஃபோர்னியாவில் குதிரைப் பந்தயம் 1933-ல் மறுபடி அனுமதிக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் சான்டா அனிட்டா மைதானம் 1934 கிறிஸ்துமஸ் அன்று திறந்தது. அங்கே வருஷா வருஷம் நடந்த பெரிய பந்தயத்துக்கு ஒரு லட்சம் டாலர் பரிசு. பெரும் பஞ்ச காலத்தில் அது கேட்டறியாத தொகை.

ஹோவர்ட் பிடித்துப் போட்ட பயிற்சியாளர் டாம் ஸ்மித். கிட்டத்தட்ட அறுபது வயது. காட்டுக் குதிரைகளைப் பழக்கி வாழ்ந்தவர். காரும் டிராக்டரும் வந்து அந்தப் பிழைப்பைத் தின்றுவிட்டது. அதாவது, ஹோவர்ட் மாதிரி ஆட்களால் வேலை போனவர்! மனிதர்களிடம் பேசவே மாட்டார். ஹோவர்டோ பேச்சை நிறுத்தவே மாட்டார். இந்த ஜோடி எப்படிச் சேர்ந்தது என்பது ஆச்சரியம்தான்.

1936 ஆகஸ்டில், நியூயார்க் மாநிலத்து ஸாரடோகாவில், ஸ்மித்தின் கண்ணில் பட்ட ஒரு குதிரையை ஹோவர்ட் 8,000 டாலருக்கு வாங்கினார். ஐந்து டாலர் ஞாபகம் இருக்கிறதா?

அதுதான் சீபிஸ்கட். பெரிய வம்சம்தான், மேன் ஓ வார் என்ற மகா குதிரையின் பேரன். ஆனால் பார்க்க நம்ம ஊர் ஜட்கா வண்டிக்குக்கூட யோசித்துத்தான் பூட்டுவார்கள். குட்டையான உருவம், முழுசாக நிமிராத முழங்கால்கள், ஒரு காலை வெளியே வீசிப்போட்டு ஓடும் ஓட்டம். முதல் பதினேழு பந்தயத்திலும் தோல்வி. இரண்டு வயதிலேயே 35 பந்தயம் ஓட்டிச் சக்கையாகப் பிழிந்திருந்தார்கள். சாப்பிடாது, தூங்காது, ஆளைக் கண்டால் கடிக்க வரும்.

ஸ்மித் செய்த வைத்தியம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முதலில் ஓட்டத்தை நிறுத்தி, தூங்கவும் தின்னவும் விட்டார். லாயத்தில் துணைக்கு பம்ப்கின் என்ற சாதுவான குதிரையைக் கட்டினார். போதாக்குறைக்கு ஒரு தெரு நாயும் ஒரு குரங்கும் அங்கேயே குடியேறின. நாங்கள் தொழிற்சாலையில் ஒரு மெஷின் தகராறு செய்தால் முதலில் செய்வது லோடைக் குறைப்பதுதான். அப்புறம்தான் மற்ற பரிசோதனை. பல பேர் வேகத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு மெஷினைக் குறை சொல்வார்கள். அந்தக் குதிரையை அப்படித்தான் குறை சொல்லியிருந்தார்கள்.

ஓட்டுவதற்குக் கிடைத்த ஜாக்கி ரெட் பொலார்ட். கனடாக்காரர், ஜாக்கிக்கு அதிகமான உயரம், குத்துச்சண்டை போட்டுச் சிதைந்த முகம், வெற்றியே இல்லாத பல வருஷங்கள். இன்னொரு விஷயமும் உண்டு. அவருக்கு வலது கண் பார்வை கிடையாது. சொன்னால் பிழைப்பு போய்விடும் என்று மறைத்தே வைத்திருந்தார். 1937-ல் சான்டா அனிட்டாவின் லட்சம் டாலர் பந்தயத்தில் சீபிஸ்கட் மூக்கு நுனி அளவில் தோற்றது. கடைசி நேரத்தில் வலது பக்கமாக வந்த ரோஸ்மான்ட் என்ற குதிரையைப் பொலார்ட் கவனிக்கவில்லை என்று பத்திரிகைகள் கிழித்தன. ஆளை மாற்றச் சொல்லி நெருக்கடி. ஹோவர்ட் மாற்றவில்லை. லட்சம் டாலரை மூக்கு நுனியில் கோட்டைவிட்ட ஆளை அடுத்த பந்தயத்திலும் ஏற்றிவிட எத்தனை முதலாளிகளுக்கு மனசு வரும்? என் முதல் வேலையில் நான் செய்த தப்பு அதைவிடச் சின்னது. எனக்கு மறுநாள் காலை கேட் பாஸ் வேலை செய்யவில்லை. அந்தக் கம்பெனி பெயர் எதற்கு, விடுங்கள்.

ஹோவர்டைத் தெய்வமாக்க நான் வரவில்லை. அவர் விளம்பரப் பிரியர். நிருபர்களுக்குத் தீனி போட்டு, குதிரையை ரயிலில் ஊர் ஊராகக் கொண்டு போய், கார் விற்ற அதே தந்திரத்தில் குதிரையின் பெயரையும் விற்றார். கிழக்கே வார் அட்மிரல் என்ற குதிரை 1937-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்திருந்தது. அதனோடு நேருக்கு நேர் மோத விட வேண்டும் என்று மாதக்கணக்கில் பத்திரிகை வழியாகவே சவால் விட்டார். வார் அட்மிரல், மேன் ஓ வாரின் மகன். முறைப்படி சீபிஸ்கட்டுக்குச் சித்தப்பா. வயதில் சித்தப்பா ஒரு வருஷம் சின்னவர்!

1938 கெட்ட வருஷம். பிப்ரவரியில் வேறொரு குதிரையோடு விழுந்து பொலார்டின் மார்பு நசுங்கியது. மார்ச்சில் சான்டா அனிட்டாவில் சீபிஸ்கட் மறுபடியும் மூக்கு நுனியில் தோற்றது. அது சுமந்தது 130 பவுண்டு, ஜெயித்த குதிரை சுமந்தது 100 பவுண்டு. ஜூனில் பொலார்டின் கால் நொறுங்கியது. நவம்பர் 1 அன்று பால்டிமோரின் பிம்லிகோ மைதானத்தில் ஒருவழியாக அந்த நேருக்கு நேர் பந்தயம் நடந்தபோது சீபிஸ்கட் மேல் இருந்தவர் பொலார்டின் நண்பர் ஜார்ஜ் உல்ஃப். எதிரியைப் பக்கத்தில் வரவிடு, குதிரை அவன் கண்ணைப் பார்க்கட்டும் என்ற யோசனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பொலார்ட் சொன்னது. அப்படியே செய்தார் உல்ஃப். நாலு குதிரை நீளம் வித்தியாசத்தில் வெற்றி, அந்த மைதானத்துக்கே புதிய சாதனை நேரம். மைதானத்தில் நாற்பதாயிரம் பேர், ரேடியோ முன்னால் கோடிக்கணக்கானவர்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் கேட்டாராம்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருவது. 1939 ஆரம்பத்தில் சீபிஸ்கட்டின் முன்னங்காலில் தசைநார் கிழிந்தது. பந்தய வாழ்க்கை முடிந்தது என்றுதான் எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஹோவர்ட் அதை ரிட்ஜ்வுட் பண்ணைக்குக் கொண்டு போனார். பொலார்டும் அங்கேதான் ஊன்றுகோலோடு இருந்தார். மகனைப் பறிகொடுத்த அதே பண்ணை. அங்கே ஒரு நொண்டிக் குதிரையும் ஒரு நொண்டி மனிதனும் தினம் கொஞ்ச தூரம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்ச தூரம் என்று நடந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பொலார்ட் மேலே ஏறி உட்கார்ந்தார்.

1940 மார்ச் 2. சீபிஸ்கட்டுக்கு ஏழு வயது, ரேஸ் கணக்கில் கிழடு. இரண்டு முறை மூக்கு நுனியில் கைநழுவிய அதே சான்டா அனிட்டா பந்தயம். முதுகில் பொலார்ட், காலில் பட்டை கட்டிக்கொண்டு. மறுபடி ஒரு தடவை அந்தக் கால் முறிந்தால் எழுந்து நடக்கவே முடியாது என்ற நிலை. இதை அனுமதித்தது சரியா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். குதிரையின் காலும் பணயம், மனிதனின் காலும் பணயம். ஒரு சேஃப்டி ஆபீசர் கையெழுத்துப் போடமாட்டார். ஆனால் பொலார்ட் ஓட்ட விரும்பினார், ஹோவர்ட் தடுக்கவில்லை. சீபிஸ்கட் ஜெயித்தது. இரண்டாவது வந்த கயாக் என்ற குதிரையும் ஹோவர்டினுடையதே. சீபிஸ்கட் மொத்தம் சம்பாதித்த பரிசு 4,37,730 டாலர். அன்றைக்கு உலகத்தில் எந்தக் குதிரையும் அவ்வளவு சம்பாதித்ததில்லை. அதோடு ஓய்வு கொடுத்துவிட்டார்.

பண்ணைக்கு அதைப் பார்க்க மட்டும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்ததாகச் சொல்வார்கள். ஹோவர்டே சில சமயம் அதன் மேல் ஏறி மலைப்பக்கம் போய் வருவார். 1947 மே 17-ல் சீபிஸ்கட் இறந்தது. பண்ணைக்குள்ளேயே ஓரிடத்தில் புதைத்து, மேலே ஓக் கன்று ஒன்றை நட்டு, எந்த மரம் என்று குடும்பத்துக்கு மட்டும் சொல்லி வைத்தார். விளம்பரமே மூச்சாக இருந்த மனிதர், அதை மட்டும் வெளியே சொல்லவில்லை. 1950-ன் தொடக்கத்தில், ஆகா கானிடமிருந்து வாங்கிய நூர் என்ற அவருடைய குதிரை, ஸைட்டேஷன் என்ற பெரிய குதிரையைத் தோற்கடித்தது. அந்த ஜூன் 6-ல் ஹோவர்ட் மாரடைப்பில் இறந்தார். வயது 73.

இப்போது அந்த பென் டிரைவ் நண்பன். 2011-ல், படித்து முடித்த மறு வருஷம், நம் கல்லூரிக்கு வெளியே பைபாஸில் ராத்திரி பைக்கில் விழுந்து போனான். ரோட்டில் முக்கால் மணி நேரம் கிடந்தான் என்று பிறகு தெரிந்தது. நின்ற வண்டிகள் உண்டு, தொட்ட ஆள் இல்லை. போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்கள் என்ற பயம். உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிகாட்டு நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ல்தான் சட்ட வலு கொடுத்தது. பிறகு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். இதை இன்றைக்கும் பல மாணவர்களுக்குத் தெரியாது. நான் போன வருஷம் நம் கேன்டீனில் கேட்டுப் பார்த்தேன்.

அவன் பெயரில் எங்கள் பேட்ச் சேர்த்த பணம் பாங்கியில் சும்மா கிடக்கிறது. ஆண்டு விழாவில் சுழற்கோப்பை கொடுக்கலாம் என்று பாதிப் பேர். கல்லூரி வாசலில் ஒரு முதலுதவி அறை, அதில் ஸ்ட்ரெச்சர், வருஷம் ஒரு முறை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அனைவருக்கும் முதலுதவிப் பயிற்சி என்று மீதிப் பேர். நான் எந்தப் பக்கம் என்று இதுவரை படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொதுக்குழுவில் இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இது வருகிறது. பிரியாணி சாப்பிட்ட தூக்கத்தில் யாரும் கை தூக்காமல் இருந்துவிடாதீர்கள், சீனியர் அண்ணன்மார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.